அரை மாத்திரை, கால் மாத்திரை

அப்பாவின் கருமாதி முடிந்த மறுவாரம் அம்மாவைப் பெரும்பாறை எஸ்டேட்டிலிருந்து கொடைக்கானலுக்கு என்னோடு கூட்டி வந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு கம்பளி, ஒரு பை மிளகு. அவ்வளவுதான் சாமான். ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, எந்தத் தோட்டத்தில் காப்பி பூத்திருக்கிறது, எங்கே பூச்சி விழுந்திருக்கிறது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அப்போது அவளுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருடத்துக்கு மேல் காப்பிப் பழம் பறித்தவள். ஓடுகிற ஜீப்பிலிருந்தே பூச்சியைக் கண்டுபிடிக்கிற கண் அது.

நான் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை. ஏரிக்கு மேலே ஏறுகிற ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. பின்னால் ஒரு பேரிமரம். தம்பி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு காய்கறி கமிஷன் மண்டியில் இருந்தான், அங்கேயே குடும்பம்.

அம்மாவும் அப்பாவும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இளவயதில் கப்பலேறி இங்கே வந்தவர்கள். டீ என்ற சொல் அம்மாவின் வாயில் கடைசிவரை வரவில்லை, தேத்தண்ணிதான். முடியாது என்பதை 'ஏலாது' என்பாள். அந்தச் சொற்களுக்காக நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் நிறையக் கிண்டல் வாங்கியிருக்கிறோம். இப்போது யாராவது அப்படிப் பேசினால் நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.

கொடைக்கானல் வந்ததும் அம்மாவுக்குத் தூக்கம் கெட்டது. நாற்பத்தைந்து வருடம் ஒரே பாயில் பக்கத்தில் படுத்தவர் இப்போது இல்லை. வேலையும் இல்லை. நான் கண் விழிக்கும்போதெல்லாம் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். "கண்ணு மூடுனா உங்கப்பா இருமுற சத்தம் கேக்குது" என்றாள். மெலிந்துகொண்டே போனாள்.

ஊரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு சின்ன மாத்திரை எழுதினார். "ரெண்டு வாரத்துக்கு மட்டும் குடுங்க. அதுக்கப்புறம் கூட்டிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்றார். அவர் மீது எனக்கு இன்றுவரை எந்தக் குறையும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் கொடுத்தார்.

முதல் மாத்திரை போட்ட மறுநாள் காலை அம்மா ஏழு மணிக்கு எழுந்தாள். முகம் தெளிந்திருந்தது. "அடேயப்பா, செத்த மாதிரி தூங்கிட்டேன்" என்று சிரித்தாள். இரண்டு தோசை சாப்பிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் எனக்கு டாக்டரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. இரண்டு வாரம் முடிந்தபோது சீசன் தொடங்கியிருந்தது. விடுதியில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. பழைய மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். மருந்துக்கடையில் தெரிந்தவர்கள்தான், கொடுத்தார்கள். அடுத்த மாதமும் கொடுத்தார்கள். மடிப்பில் சீட்டு கிழிந்தபோது பின்னால் டேப் ஒட்டினேன். அந்தச் சீட்டில் ஆறு வருடம் ஓடியது.

இரண்டு வருடத்தில் ஒரு மாத்திரை போதவில்லை. "ஒண்ணு போட்டா நாலரைக்கே முழிப்பு வந்துருது" என்றாள் அம்மா. ஒன்றரை கொடுத்தேன். பிறகு இரண்டு. யாரையும் கேட்கவில்லை. ஒருநாள் மாத்திரை வாங்க மறந்து வெறுமனே படுத்தபோது அம்மாவின் கை நடுங்கியது. விடிந்ததும் ஓடிப்போய் வாங்கி வந்தேன். மாத்திரை இல்லாமல் இவளுக்கு ஆகாது என்றுதான் எனக்குப் புரிந்தது. அந்த நடுக்கமே மாத்திரையால் வந்தது என்று எனக்கு யார் சொல்வது?

நாலாவது வருடம் மூட்டு வலி. வத்தலக்குண்டில் வேறொரு டாக்டர். அவர் எழுதிக் கொடுத்த மூன்று மாத்திரையில் ஒன்றை "நரம்புக்கு, ராத்திரி ஒண்ணு" என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா ஏற்கனவே தூக்க மாத்திரை போடுகிறாள் என்று நான் அந்த டாக்டரிடம் சொல்லவில்லை. முட்டி வலிக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தாள். முதலில் சொற்கள் போயின. 'அந்த இது, அந்த இது' என்று கையைச் சுழற்றுவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். காலையில் சுவரைப் பிடித்து நடப்பாள், ஒரு பக்கமாகச் சரிவாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க, அம்மா ஏதாச்சும் குடிக்கிறாங்களா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரும்பாறையில் அம்மாவோடு ஒரே வரிசையில் பழம் பறித்த தோழி ஒருத்தி உண்டு. எனக்குச் சித்தி முறை என்று வைத்துக்கொண்டோம். அவள் ஒரு பை ஆரஞ்சோடு பஸ் ஏறி அம்மாவைப் பார்க்க வந்தாள். அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு நீங்க? எஸ்டேட்ல எந்த டிவிஷன்?" என்றாள். சித்தி சிரித்துப் பார்த்தாள், கையைப் பிடித்துப் பார்த்தாள். அம்மா கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். ஆரஞ்சை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே சித்தி திரும்பிப் போனாள். "போயிட்டு வாரேன்" என்றுகூட என்னிடம் சொல்லவில்லை.

மறதி நோய் என்று நானும் தம்பியும் முடிவு செய்துகொண்டோம். வயதானால் வருவது, என்ன செய்ய முடியும்? அம்மா உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்காக ஏங்கத் தொடங்கிவிட்டேன்.

ஒரு மார்கழிக் காலையில் அம்மா குளியலறை வாசலில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. கீழே திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்பைச் சேர்த்துக் கட்டியபின், முதியோரைப் பார்க்கிற ஒரு டாக்டரை வரச் சொன்னார்கள். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து நெடுநேரம் பேச்சுக்கொடுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "வீட்டுல இவங்க சாப்பிடுற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க. ஒண்ணு விடாம" என்றார்.

கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் இரண்டு அட்டைகளைத் தனியே எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று ஊதா, ஒன்று வெள்ளி.

"இது எதுக்குக் குடுக்குறீங்க?"

"தூக்கத்துக்குங்க."

"இது?"

"நரம்புக்குங்க."

"ரெண்டும் ஒரே குடும்பம்தாங்க. பென்சோடயசெபைன்னு சொல்லுவோம். எத்தனை வருஷமா?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெதுவாக விளக்கினார். சில நாளுக்கு, சில வாரத்துக்கு இது நல்ல மருந்து; வலிப்புக்கு, பெரிய பதற்றத்துக்கு உயிர் காக்கிற மருந்தும்கூட. நாள்பட்டால் உடம்பு பழகிவிடும், அளவு போதாமல் போகும். வயதானவர்கள் உடம்பிலிருந்து இது சீக்கிரம் இறங்காது. இன்றைய மாத்திரையின் மீதி நாளைய மாத்திரையோடு சேரும். தடுமாற்றம், விழுவது, மறதி எல்லாம் அதனால் வரலாம். "மறதி நோயும் இருக்கலாம், இல்லைன்னு சொல்லல. மத்த டெஸ்ட்டெல்லாம் எடுத்துருவோம். ஆனா இதைக் குறைக்காம அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார். எழுந்து போகும்போது, "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. திடீர்னு நிறுத்தக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான். அது ஆபத்து" என்றார்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தம்பிக்குப் போன் பண்ணினேன். அழுகை, ஆத்திரம், வெட்கம் எல்லாம் சேர்ந்து வந்தது. "இந்த மாத்திரதான்லே அம்மாவை இப்படி ஆக்கியிருக்கு. நான்தான் வாங்கி வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றேன். அவனும் அழுதான். நான் எல்லாம் சொன்னேன். டாக்டர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, விட்டுப்போயிற்று.

பொங்கல் வாரம் விடுதி நிரம்பி வழிந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பி வந்து அம்மாவை ஒட்டன்சத்திரத்துக்குக் கூட்டிப்போனான். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணையையும் மாத்திரைகளையும் பையில் வைத்துக் கொடுத்தேன். அவன் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. அம்மாவைக் கெடுத்த மாத்திரையை இன்னும் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று, வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டிவிட்டான்.

முதல் நாள் அம்மா தூங்கவில்லை. இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது, கை கால் நடுங்கியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துடைத்துக்கொண்டே இருந்தாள். மலையிலிருந்து கீழே வந்ததால் வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறான். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எனக்குப் போன்.

"அக்கா, அம்மாவுக்கு இழுக்குதுக்கா. வாயில நுரை வருது."

"மாத்திர குடுத்தியா?"

"எந்த மாத்திர? அதைத்தான் அன்னைக்கே கொட்டிட்டேனே!"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. வெரசா போ. மூணு நாளா நிப்பாட்டிட்டோம்னு அங்க சொல்லு, முதல்ல அதைச் சொல்லு" என்று கத்தினேன். ரிசப்ஷனில் நின்றிருந்த விருந்தினர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

தக்காளி ஏற்றி நின்ற வண்டியில் கூடைகளை இறக்கிப் போட்டுவிட்டு அம்மாவைக் கிடத்திக்கொண்டு போயிருக்கிறான். நிறுத்திய அதே குடும்பத்து மருந்தையே ஊசியில் போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். நான் போய்ச் சேரும்போது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி சட்டையெல்லாம் தக்காளிச் சாறோடு தரையில் உட்கார்ந்திருந்தான். "நான் கொல்லப் பாத்துட்டேனே" என்றான். "நீ இல்லலே, நான் சொல்லலை" என்றேன். இருவருமே அம்மாவின் மேல் வைத்த பாசத்தால்தான் அவளை அந்தக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தியிருந்தோம். அது புரிந்தபோது ஒருவரையொருவர் குறை சொல்ல எதுவும் மிச்சமில்லை.

பிறகுதான் அந்தப் பத்து மாதம். என் ஆயுளில் எனக்குப் பிடித்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இரண்டு மாத்திரைகளையும் நீக்கிவிட்டு அதே குடும்பத்தில் மெதுவாக வேலை செய்கிற வேறொன்றுக்குத் திண்டுக்கல் டாக்டர் மாற்றினார். சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் குறைப்பது. ஒன்று முக்காலாகும், முக்கால் அரையாகும், அரை காலாகும். எவர்சில்வர் தட்டில் மாத்திரையை வைத்துப் புது பிளேடால் நறுக்குவேன். அம்மா எதிரே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். "இந்தப் பக்கம் பெருசா இருக்கு, அதைக் குடு" என்பாள்.

ஒருநாள் டாக்டர் தூக்கத்தைப் பற்றி விசாரித்தார். "அம்மா எத்தனை மணிக்குப் படுப்பாங்க?"

"எட்டு மணிக்கே படுத்துருவாங்க. நாலரைக்கெல்லாம் முழிச்சுக்குவாங்க."

"எஸ்டேட்ல எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க?"

விடியுமுன் எழுந்தால்தான் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய் நிற்க முடியும். நாலரைக்கு எழுந்து சமைத்து, எங்களுக்குச் சோறு கட்டிவைத்துவிட்டுத்தான் அம்மா ஓடுவாள். அவள் உடம்புக்கு அதுதான் விடியல். அப்பா போன துக்கத்தில் முதல் சில மாதம் தூக்கம் கெட்டது உண்மை. அதற்குப் பிறகு அவள் எட்டரை மணிநேரம் தூங்கித்தான் எழுந்திருக்கிறாள். அதை நோய் என்று நினைத்துக் கூடுதல் மாத்திரை கொடுத்திருக்கிறேன்.

அதனால் நானும் நாலரைக்கு எழப் பழகினேன். அடுப்பைப் பற்றவைத்துப் பக்கத்தில் உட்காருவோம். வெளுத்ததும் பின்வாசலில் பேரிமரத்தடிக்குப் போவோம். மதியத்துக்குப் பிறகு தேத்தண்ணி கூடாது, பகலில் படுக்கக்கூடாது, வெயிலில் நடக்க வேண்டும் என்றெல்லாம் டாக்டர் சொல்லியிருந்தார். ஏரி வரைக்கும் இறங்கிப் போய்விட்டு வருவோம். கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மா குதிரைகளை வேடிக்கை பார்ப்பாள். ஒன்பது மணிக்கு நான் வேலைக்குப் போகும்போது ஏதோ ஒரு முழு நாளை வாழ்ந்து முடித்த திருப்தி இருக்கும்.

எல்லா நாளும் அப்படி இல்லை. கால் மாத்திரைக்கு வந்தபோது அம்மா தவித்துப்போனாள். பாத்திரம் விழுந்தால் காதைப் பொத்திக்கொள்வாள். உடம்பெல்லாம் ஊசி குத்துகிறது என்பாள். "என்னால ஏலாது மகளே. ஒண்ணே ஒண்ணு முழுசா குடுத்துரு" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். கொடுத்துவிடலாம் என்று அட்டையை எடுத்தும் விட்டேன். டாக்டருக்குப் போன் பண்ணினேன். "கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அப்படியே நில்லுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். மூன்று வாரம் அதே காலில் நின்றோம். அம்மா தவிப்பு வரும்போதெல்லாம் விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்குவாள். எங்கள் சந்து அவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை.

அம்மா திரும்பி வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தது ஆறாவது மாதத்தில். ஒரு காலை அவளிடம் தம்ளரை நீட்டினேன். ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்து, "இது தேத்தண்ணியா, கழுநீரா? கொதி வரமுந்தியே இறக்கிட்டியா?" என்றாள். வருடக்கணக்காக நான் போட்டுக்கொடுத்த எதையும் அவள் குறை சொன்னதில்லை; ருசியே தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தாள். நான் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சத்தமில்லாமல் அழுதேன். பிறகு நன்றாகக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தேன். "இதுக்குப் பேரு தேத்தண்ணி" என்றாள்.

அதிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் போன வருடங்கள் வரவில்லை. தம்பி மகள் பிறந்ததும் தவழ்ந்ததும் அவளுக்கு ஞாபகமில்லை. இரண்டு வயதுக் குழந்தையாகத்தான் கண்டாள். "இம்புட்டுப் பெருசா எப்ப வளந்துச்சு?" என்றாள். போட்டோக்களைக் காட்டினேன். அவளே குழந்தையை மடியில் வைத்திருக்கும் போட்டோவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரும்பாறைச் சித்தி வந்துபோனதைச் சொன்னபோதுதான் உடைந்துபோனாள். "அவளையா? அவளையா நான் யாருன்னு கேட்டேன்?" உடனே போக வேண்டும் என்று நின்றாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். தாண்டிக்குடி வழியாக ஜீப். காப்பிப் பழம் சிவந்து தொங்கிய பருவம். சித்தி தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. மிளகைக் கிளறிக்கொண்டே, "வாங்க. யாரைப் பாக்கணும்?" என்றாள்.

அம்மா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "உன்னையத்தாண்டி. முத நாள் பெரட்டுல என் கூடையை மாத்தி எடுத்துட்டு ஓடுனவளத்தான்."

சித்தியின் கை நின்றது. "நான் எங்க மாத்துனேன்? நீதான் என் கூடையை எடுத்த."

"என் கூடைல சிவப்புத் துணி கட்டியிருந்துச்சு."

"அது என்னுதுடி!"

சாயங்காலம்வரை அந்தக் கூடை யாருடையது என்று முடிவாகவில்லை. நடுவில் எப்போது அழுதார்கள், எப்போது சிரித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மருந்தைப் பற்றி நான் விளக்க முற்பட்டேன். சித்தி காதிலேயே வாங்கவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் மாத்திரை அட்டை காலியானது, புதிது வாங்கவில்லை. டாக்டர் மறுபடி சோதித்துப் பார்த்தார். வயதுக்கு ஏற்ற சின்ன மறதி உண்டு, வேறொன்றும் இல்லை என்றார்.

அதற்குப் பிறகு அம்மா நாலு வருடம் இருந்தாள். எங்களோடு சண்டை போட்டுக்கொண்டு, பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு, எனக்குச் சமையல் சொல்லிக்கொண்டு முழுசாக இருந்தாள். ஒரு மத்தியானம் வெயிலில் பேரிக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அம்மா போனபின் எனக்குப் பன்னிரண்டு நாள் தூக்கம் இல்லை. விடுதியில் சாவியை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். திண்டுக்கல்லில் அதே டாக்டரிடம் போனேன். அவர் எழுதப்போன மருந்து எது என்று தெரிந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன்.

"பயப்படாதீங்க" என்றார். "உங்களுக்கு இப்ப இது தேவைப்படுது. பத்து நாள், அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. பதினோராம் நாள் நீங்க என் முன்னாடி உக்காந்திருக்கணும்." சீட்டில் நிறுத்த வேண்டிய தேதியை எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார்.

ஏழு போட்டேன். தூக்கம் வந்தது, துக்கத்தைத் தாங்குகிற தெம்பு வந்தது. பதினோராம் நாள் மிச்சம் மூன்றையும் கொண்டுபோய் டாக்டர் மேசையில் வைத்தேன். அந்த ஏழு நாளுக்கு அந்த மருந்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

தம்பி இப்போதும் தினமும் வெள்ளனே மார்க்கெட்டிலிருந்து போன் பண்ணுகிறான். பின்னால் லாரிகள் உறுமும், யாரோ ஏலம் கூவுவார்கள்.

"அக்கா, தூங்குனியா?"

"தூங்குனேன்லே. நீ?"

"எனக்கென்ன, கட்டையைப் போட்டா தூக்கம். முருங்கை நல்லா வந்து கெடக்கு, ஞாயித்துக்கெழம கொண்டாரேன். வேற என்ன வேணும்?"

"நீ வா, அது போதும்" என்பேன். அவன் முருங்கையோடு கத்தரியும் கொண்டுவருவான்.